அண்டோரா போறீங்களா? மொபைல் டேட்டா பத்தி எல்லாரும் கேக்கிற கேள்விகள்

ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவுல பைரனீஸ் மலைக்குள்ள இருக்கிற குட்டி நாடு அண்டோரா, மொத்தமே 468 சதுர கிலோமீட்டர்தான், ஜனத்தொகை 80 ஆயிரத்துச் சொச்சம், ஆனா வருஷத்துக்கு 80 லட்சம் பேருக்கு மேல வந்துட்டுப் போறாங்க. பார்சலோனா ட்ரிப்ல ஒரு நாளை ஒதுக்கி வர்றவங்க, துலூஸ் பக்கம் இருந்து ஷாப்பிங்குக்கு வர்றவங்க, பனிச்சறுக்குக்கு வர்றவங்கன்னு நம்மாளுங்களையும் இப்ப அடிக்கடி பாக்க முடியுது. ஊர் அருமையான ஊர். போன் விஷயத்துல மட்டும் கொஞ்சம் வில்லங்கம். திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு ஒரே இடத்துல பதில் போட்டுடுறேன்.

யூரோப் முழுக்க ரோமிங் ஃப்ரீன்னுதானே சொன்னாங்க, அண்டோராவுக்கு மட்டும் என்ன வந்துச்சு?

முழுக்கன்னு யாரும் சொல்லல, நாமளா அப்படி எடுத்துக்கிட்டோம். 2017 ஜூன் 15-ல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள ஒரு நாட்டு சிம்மை இன்னொரு நாட்டுல உள்ளூர் மாதிரியே யூஸ் பண்ணலாம்னு ரூல் வந்துச்சு, 2022-ல அதையே இன்னும் பத்து வருஷத்துக்கு, அதாவது 2032 வரைக்கும் நீட்டிட்டாங்க. ஒன்றியத்துல இருக்கிற நாடுங்க போக நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் மூணும் இதுல உண்டு. அண்டோரா இல்ல. அங்க யூரோ காசுதான் ஓடுது, பிரான்ஸ் ஜனாதிபதியும் ஸ்பெயின்ல இருக்கிற உர்ஜெல் பிஷப்பும் சேர்ந்துதான் அந்த நாட்டுக்கு இளவரசர்கள், ஆனாலும் ஒன்றியத்துல உறுப்பினர் கிடையாது.

இதுல காசு எங்க ஒளிஞ்சிருக்குன்னா, ஒன்றியத்துக்குள்ள ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனி கிட்ட ரோமிங் டேட்டாவுக்கு எவ்வளவு வாங்கலாம்னு உச்சவரம்பு வச்சிருக்காங்க, 2022-ல ஒரு ஜிபிக்கு 2 யூரோன்னு ஆரம்பிச்சு வருஷா வருஷம் குறைஞ்சு 2027-ல 1 யூரோவுக்கு வரணும். அண்டோராவுக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது. அதுக்கு மேல, நாட்டுக்கே ஒரே ஒரு கம்பெனிதான், அண்டோரா டெலிகாம், அதுவும் அரசாங்கத்தோடது. ‘இவன் ரேட் ஜாஸ்தி, அடுத்தவன் கிட்ட போவோம்’னு உங்க கம்பெனியால பேரம் பேச முடியாது, அடுத்தவனே கிடையாதே.

அப்ப எவ்வளவு ஆகும்? பொத்தாம்பொதுவா ஒரு தொகை சொல்லுங்க.

சொல்ல முடியாது, உங்க சிம் எந்த நாடு, எந்த ப்ளான்ங்கிறதைப் பொறுத்து வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம் இருக்கு. சிலருக்கு ப்ளான்லயே சேர்ந்து வந்துடும். சில கம்பெனிங்க அண்டோராவை ‘உலகின் மற்ற நாடுகள்’னு ஒரு கடைசிக் கட்டத்துல தள்ளி வச்சிருப்பாங்க, அங்கதான் உதைக்கும்.

ரேட் போட்டிருக்கிற விதத்தைக் கவனிங்க. எம்பிக்கு இவ்வளவுன்னு இருந்தா ஆயிரத்தால பெருக்கிப் பாருங்க. ஒரு பேச்சுக்கு எம்பி 5 யூரோன்னு வச்சுக்கிட்டா ஒரு ஜிபி 5000 யூரோ. ‘5 யூரோதானே’ன்னு தோணும், ஆனா வாட்ஸ்அப்ல யாராவது அனுப்புற ஒரு நல்ல சைஸ் வீடியோவே 10, 20 எம்பி இருக்கும்.

பார்டர் தாண்டினது போனுக்கு எப்பத் தெரியும்?

பார்சலோனாவுல இருந்து பஸ்ல மூணு, மூணரை மணி நேரம். லா சேயு த உர்ஜெல் ஊரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்துல ஃபார்கா தெ மோலெஸ் செக்போஸ்ட் வரும். அந்தப் பக்கத்துல ஒரு கட்டத்துல போன் மேல ஸ்பெயின் கம்பெனி பேர் போயிட்டு அண்டோரா டெலிகாம்னோ, அதே கம்பெனியோட இன்னொரு பேரான மொபிலேண்டுன்னோ வரும், அடுத்த நிமிஷம் ‘அண்டோராவுக்கு நல்வரவு, இங்க டேட்டா ரேட் இது’ன்னு உங்க கம்பெனி கிட்ட இருந்து மெசேஜ் வரும். அந்த மெசேஜை எல்லாரும் படிக்காம தள்ளி விடுறாங்க. தயவு செஞ்சு படிங்க, உங்க ப்ளானுக்கு என்ன ரேட்டுன்னு எழுதியிருக்கிறதே அதுலதான்.

ஆனா மெசேஜ் வர்ற வரைக்கும் டேட்டாவை ஆன்ல வச்சிருக்காதீங்க, அது வர்றதுக்குள்ளேயே பின்னாடி ஆப் எல்லாம் இழுக்க ஆரம்பிச்சிடும். செக்போஸ்டுக்கு முன்னாடியே டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணிடுங்க. பஸ்ல தூங்குற ஆளா இருந்தா பார்சலோனாவுல ஏறும்போதே ஆஃப். அண்டோராவுல ஏர்போர்ட்டும் கிடையாது ரயிலும் கிடையாது, எல்லாருமே ரோட்டு வழியாத்தான் உள்ள வரணும், அதனால விமானத்துல பண்ற மாதிரி ஃப்ளைட் மோட் போட்டு எடுக்கிற சடங்கு இங்க இல்ல, அதுதான் பலருக்கு மறந்து போற காரணம்.

பாஸ் தெ லா காஸாவுல பிரான்ஸ் சிக்னலே கிடைக்குமாமே?

பிரான்ஸ் பக்கம் இருந்து வந்தா முதல்ல வர்ற ஊர் அது, 2000 மீட்டருக்கு மேல உயரத்துல, பார்டர் மேலயே உக்காந்திருக்கு. அண்டோராவுல பொது வரி 4.5 சதவீதம்தான், அதனால பெட்ரோல், சிகரெட், சென்ட், சரக்கு வாங்குறதுக்குன்னே பிரான்ஸ்ல இருந்து வண்டி வரிசை கட்டி வரும். அந்த ஊர்த் தெருக்கள்ல சில இடத்துல பிரான்ஸ் சிக்னல் கசிஞ்சு வரலாம், ரெண்டு கடை தள்ளிப் போனா அண்டோரா. நம்பாதீங்க. போன் தானா நெட்வொர்க் தேடுறப்ப எது பலமா இருக்கோ அதைப் பிடிக்கும், கடைக்குள்ள போய்ட்டு வெளிய வர்றதுக்குள்ள மாறிடும்.

இதுக்கு ஒரு வழி இருக்கு. செட்டிங்ஸ்ல நெட்வொர்க் தேர்வு தானியங்கின்னு இருக்கிறதை எடுத்துட்டு, பிரான்ஸ் கம்பெனி பேரைக் கையால செலக்ட் பண்ணி வச்சிடுங்க. அப்புறம் அது கிடைச்சா டேட்டா வரும், இல்லன்னா சிக்னலே இல்லாம சும்மா இருக்கும். உள்ள சோல்தேவு, கனீயோ, தலைநகர் அண்டோரா லா வெல்லா பக்கம் போயிட்டா மலை மறைச்சிடும், அங்க இந்த வேலை நடக்காது.

இந்தியாவுல இருந்து வர்றேன். இங்கயே வாங்கின ரோமிங் பேக் அண்டோராவுல ஓடுமா?

பேக் பேர்ல ‘யூரோப்’னு இருந்தா மட்டும் போதாது. உள்ள நாடுகள் பட்டியல்னு ஒண்ணு இருக்கும், அதுல அண்டோராங்கிற பேர் தனியா இருக்கான்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்க. ஜியோ, ஏர்டெல், வி எதுவா இருந்தாலும் அவங்க ஆப்லயே நாட்டைத் தேடிப் பாத்துடலாம். பட்டியல்ல இருந்தாலும் டேட்டா எவ்வளவு, தீர்ந்தா நிக்குமா இல்ல தனி ரேட்டுல ஓடிக்கிட்டே இருக்குமாங்கிறதைப் பாருங்க, ரெண்டாவதுதான் ஆளைச் சாய்க்கும்.

சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனா சொல்லாம விட முடியல. ஒரே விசாவுல பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய் வர்ற ஷெங்கன் கூட்டத்துலயும் அண்டோரா கிடையாது. அங்க போக ஸ்பெயின் இல்ல பிரான்ஸ் வழியாத்தான் வரணும், உள்ள போய்ட்டா நீங்க ஷெங்கனை விட்டு வெளிய போன மாதிரி, திரும்ப வர இன்னொரு என்ட்ரி வேணும். சிங்கிள் என்ட்ரி விசா வச்சிருக்கிறவங்க இந்த ஊர்ப் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க. மல்டிப்பிள் என்ட்ரி இருந்தா பிரச்சனை இல்ல.

பேங்க் ஓடிபி வரணுமே, இந்திய சிம்மைக் கழட்டி வைக்கலாமா?

கழட்டாதீங்க. சிம் போன்ல இருக்கட்டும், கிளம்புறதுக்கு முன்னாடி இன்டர்நேஷனல் ரோமிங் மட்டும் ஆக்டிவேட் பண்ணிடுங்க, டேட்டா ரோமிங் ஆஃப்ல இருக்கட்டும். வர்ற எஸ்எம்எஸ்க்கு பொதுவா காசு கிடையாது, அதனால ஓடிபி வந்து சேரும். வர்ற காலை எடுத்தா காசு, அது வேற கதை. ப்ரீபெய்டா இருந்தா வேலிடிட்டி ட்ரிப் நடுவுல முடியாம ரீசார்ஜ் பண்ணிட்டு வாங்க, ஹோட்டல் ரிசப்ஷன்ல நின்னுக்கிட்டு கார்டு ஓடிபிக்காகக் காத்துக் கிடக்கிறதெல்லாம் தேவையில்லாத அவஸ்தை.

வாட்ஸ்அப் வேற சிம் போட்டாலும் பழைய நம்பர்லயே ஓடும். ‘நம்பர் மாத்தணுமா’ன்னு கேட்டா வேணாம்னு சொல்லிடுங்க, அவ்வளவுதான்.

நான் பாரிஸ்ல இருக்கேன், என் கிட்ட இருக்கிறது பிரெஞ்சு சிம். எனக்கும் இந்தத் தொல்லையெல்லாம் உண்டா?

உண்டு, சொல்லப் போனா உங்களுக்குத்தான் ஜாஸ்தி. இந்தியாவுல இருந்து வர்றவங்க பயந்து பயந்து எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க. பாரிஸ், ஜெர்மனில இருக்கிற நம்மாளுங்க ஸ்பெயின், இத்தாலின்னு போய்ட்டு வந்து பழக்கமாகி, ரோமிங் எப்பவுமே ஆன்லயே கிடக்கும், அந்தப் பழக்கத்துலயே அண்டோராவுக்குள்ள வண்டியை விட்டுடுவாங்க. தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு பெட்ரோல் போடவும் சாமான் வாங்கவும் ரெண்டு மணி நேரம் நின்னுச்சு, பின் சீட்ல பிள்ளை கையில ஐபேட், அதுல ஒரு சிம், கார்ட்டூன் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. பெரியவங்க போனை ஆஃப் பண்ணவங்க ஐபேடை மறந்துட்டாங்க. சிம் போட்ட டேப்லெட், ஸ்மார்ட் வாட்ச், கார்ல இருக்கிற வைஃபை எல்லாமே கணக்குல சேர்த்திதான்.

பிரெஞ்சு, ஸ்பானிஷ் ப்ளான்கள் சிலதுல அண்டோராவையும் சேர்த்திருப்பாங்க, சிலதுல இருக்காது. லைக்கா, லெபாரா மாதிரி ப்ரீபெய்ட் வச்சிருந்தா அதே கதைதான், ப்ளானோட நாடுகள் பட்டியலைப் பாருங்க. ப்ரீபெய்ட்ல ஒரு நிம்மதி என்னன்னா, இருக்கிற பேலன்ஸ் காலியாகும், அதுக்கு மேல வீட்டுக்கு பில் வராது. லண்டன்ல இருக்கிறவங்களுக்கு பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் யூரோப் ரோமிங்கே கம்பெனிக்குக் கம்பெனி மாறுது, அதனால அண்டோராவை மட்டும் இல்ல, வழியில இருக்கிற ஸ்பெயினையும் சேர்த்துப் பாத்துடுங்க.

ஈசிம் வாங்கிட்டா முடிஞ்சது இல்ல?

ஒரு நாள், ரெண்டு நாளுக்கு வர்றவங்களுக்கு என் ஓட்டு ஈசிம்முக்குத்தான், அதாவது கார்டு இல்லாம நெட்ல இருந்தே போனுக்குள்ள இறக்கிக்கிற சிம். ஆனா ‘யூரோப் 30 நாடுகள்’னு விளம்பரத்துல கொட்டை எழுத்துல போட்டிருப்பான், அந்த முப்பதுல அண்டோரா இருக்காதது சகஜம். பட்டியலைத் திறந்து பாருங்க. இல்லன்னா அண்டோராவுக்குன்னே தனியா விக்கிறதை வாங்குங்க, ஜிபி கணக்குல பாத்தா ஸ்பெயினுக்கு விக்கிறதை விட விலை கூடவே இருக்கும், காரணம் மேல சொன்னதுதான்.

ஈசிம்மை அண்டோரா வந்து போட்டுக்கலாம்னு விடாதீங்க, அதை இறக்கவே நெட் வேணும். பார்சலோனா ஹோட்டல் வைஃபைலயே இறக்கி வச்சிடுங்க. எத்தனை நாள் வேலிடிட்டிங்கிறது எப்ப ஆரம்பிக்குதுன்னும் பாருங்க, சிலது இன்ஸ்டால் பண்ண உடனே, சிலது முதல் நெட்வொர்க்கைப் பிடிச்ச உடனே.

ஈசிம் போட்டாச்சு, சிக்னல் முழுசா காட்டுது, நெட் வரல. என்ன பண்றது?

பத்துக்கு எட்டு பேருக்கு இதுதான் காரணம்: ஈசிம் லைனுக்கு டேட்டா ரோமிங் ஆஃப்ல இருக்கும். ரோமிங்னாலே ஆபத்துன்னு எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வச்சிருப்பீங்க. ஆனா ட்ராவல் ஈசிம் பெரும்பாலும் வேற ஏதோ நாட்டுக் கம்பெனியோடது, அதுவே அண்டோராவுல விருந்தாளிதான், அதனால அந்த லைனுக்கு மட்டும் ரோமிங் ஆன் பண்ணணும். வீட்டு சிம்முக்கு ஆஃப், ஈசிம்முக்கு ஆன். இந்த ரெண்டையும் மாத்திப் போட்டுடாதீங்க. அப்பவும் வரலன்னா ஏபிஎன் (நெட் இணைப்புக்காக சிம் கம்பெனி குடுக்கிற பேர், செட்டிங்ஸ்ல இருக்கும்) சரியா இருக்கான்னு பாத்துட்டு போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

இன்னொரு பொறி இருக்கு, இதை நிறைய பேர் சொல்றதில்ல. ஐபோன்ல ரெண்டு சிம் இருந்தா, ஒரு லைன்ல நெட் சரியில்லன்னா தானா இன்னொரு லைனுக்கு டேட்டாவை மாத்துற வசதி ஒண்ணு மொபைல் டேட்டா செட்டிங்ஸ்குள்ள இருக்கு. ஆண்ட்ராய்டு போன் பலதுலயும் இதே மாதிரி உண்டு. அது ஆன்ல இருந்து, வீட்டு சிம்முக்கு ரோமிங்கும் ஆன்ல இருந்துச்சுன்னா, மலைப் பாதையில ஈசிம் தடுமாறுற நேரத்துல சத்தமே இல்லாம உங்க வீட்டு சிம் வேலை பாக்கும். அதை ஆஃப் பண்ணுங்க.

ஈசிம் போட்டப்புறம் கூகுள் வேற ஏதோ நாட்டுல இருக்கிற மாதிரி காட்டினாலோ, பேங்க் ஆப் முரண்டு பிடிச்சாலோ பயப்படாதீங்க, அந்த டேட்டா ஈசிம் கம்பெனியோட நாடு வழியா சுத்தி வருது, அதனாலதான்.

அங்கயே லோக்கல் சிம் வாங்கினா?

கிடைக்கும், அண்டோரா டெலிகாம் கடையில ப்ரீபெய்ட் உண்டு, பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கோங்க. நாட்டு கோட் +376. நாலஞ்சு நாளுக்கு மேல தங்குறவங்க, பனிச்சறுக்குக்கு ஒரு வாரம் வர்றவங்க யோசிக்கலாம். ஒரு நாள் டூருக்கு நான் சொல்ல மாட்டேன். கடையைத் தேடிப் போகணும், வரிசையில நிக்கணும், அதை விட முக்கியம், திரும்ப ஸ்பெயின்ல கால் வச்ச உடனே அந்த அண்டோரா சிம்மே ரோமிங் ஆகிடும், மேல சொன்ன கதை அப்படியே தலைகீழா திரும்பும்.

வைஃபை மட்டும் வச்சு ஓட்டிடலாமா?

தாராளமா. வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுத்த நாடு அது, ஹோட்டல் வைஃபை பெரும்பாலும் நல்லாவே இருக்கும். மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி வச்சிடுங்க, ஜிபிஎஸ்க்கு டேட்டா தேவையில்ல. பஸ் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், கனீயோவுல இருக்கிற தொங்கு பாலத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தா அது, எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. அந்தப் பாலம் 2022-ல திறந்தாங்க, 603 மீட்டர் நீளம், நடுவுல நின்னு வீடியோ கால் பண்ணணும்னு எல்லாருக்கும் கை அரிக்கும், ரூமுக்குப் போய் அனுப்பினாலும் பாலம் அதே பாலம்தான். கூட வந்தவங்க பிரிஞ்சு போனா எங்க, எத்தனை மணிக்குச் சேரணும்னு மட்டும் முன்கூட்டியே பேசிக்கோங்க.

மலையேற்றம் போறோம், மேல சிக்னல் இருக்குமா?

ஊருக்குள்ளயும் மெயின் ரோட்டுலயும் நல்லா இருக்கும். பள்ளத்தாக்குக்குள்ள உள்ள போகப் போக, கோமா பெத்ரோசா மாதிரி 2900 மீட்டருக்கு மேல இருக்கிற சிகரத்துப் பக்கம் எல்லாம், எல்லா இடத்துலயும் கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க. குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், சிக்னல் தேடித் தேடி இன்னும் சீக்கிரம் இறங்கும். அவசரத்துக்கு 112. பைசா செலவாகும்னு யோசிச்சு அந்தக் காலைத் தள்ளிப் போடாதீங்க, 112க்கு காசு கிடையாது.

கால் வந்தா எடுக்கலாமா?

ரேட் தெரிஞ்சா எடுங்க. எடுக்காம விட்டாலும் சிக்கல் இருக்கு, உங்க சிம்ல வாய்ஸ்மெயில் ஆன்ல இருந்தா, போன் அடிச்சு நீங்க எடுக்காத கால் அண்டோரா வரைக்கும் வந்துட்டு திரும்ப உங்க நாட்டு வாய்ஸ்மெயிலுக்குப் போகும், போக ஒரு காசு வர ஒரு காசுன்னு சில கம்பெனிங்க ரெண்டு தடவை போடுவாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ##002# டயல் பண்ணா எல்லா டைவர்ட்டும் ரத்தாகிடும்.

ஏற்கனவே பில் ஏறிடுச்சு. இப்ப என்ன செய்ய?

ஐரோப்பிய ஒன்றிய நாட்டு சிம்மா இருந்தா ஒரு பாதுகாப்பு உண்டு. டேட்டா ரோமிங் பில் மாசத்துக்கு 50 யூரோவை, வரி தனி, தொட்டதும் நீங்க சரின்னு சொல்லாத வரைக்கும் டேட்டாவை நிறுத்தணும், 80 சதவீதம் வரும்போதே எச்சரிக்கை அனுப்பணும். இது ஒன்றியத்துக்கு வெளிய இருக்கிற நாட்டுல ரோமிங் பண்ணாலும் பொருந்தும், அங்க இருக்கிற கம்பெனி உடனுக்குடன் கணக்கு காட்ட வசதி தராத இடம்னா மட்டும் விதிவிலக்கு, அதையும் உங்களுக்கு மெசேஜ்ல சொல்லியிருக்கணும். ஆக, பில் அதுக்கு மேல போயிருந்தா சண்டை போட உங்களுக்கு இடம் இருக்கு. நாள், நேரத்தோட விவரமான பில்லைக் கேளுங்க, வந்த மெசேஜ் எல்லாத்தையும் அழிக்காம வச்சுக்கோங்க, போன்ல பேசாம எழுத்துல கேளுங்க. இந்திய சிம்னா முதல் வேலையா கிரெடிட் லிமிட் எவ்வளவு வச்சிருக்காங்கன்னு கேளுங்க.

மொனாக்கோ, சான் மரீனோ, வாட்டிகன், லீக்டன்ஸ்டைன் எல்லாம் இதே மாதிரிதானா?

ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. லீக்டன்ஸ்டைன் மேலயே சொன்ன பட்டியல்ல இருக்கு, ஒன்றிய சிம்முக்கு உள்ளூர் ரேட்தான். வம்பு என்னன்னா பெரும்பாலான பேர் சுவிஸ்ல சார்கான்ஸ் ஸ்டேஷன்ல இறங்கி பஸ் பிடிச்சு வடூஸ் போறாங்க, சுவிஸ் அந்தப் பட்டியல்ல இல்ல, ரைன் ஆத்துக்கு அந்தக் கரையில இருந்து சுவிஸ் சிக்னல் எட்டிப் பாக்கும். அங்க நெட்வொர்க்கைக் கையால செலக்ட் பண்றது நல்லது.

வாட்டிகன்ல கவலையே வேணாம், இத்தாலி நெட்வொர்க்தான் ஓடுது, வாட்டிகனுக்குன்னு +379 ஒதுக்கி வச்சும் அவங்க ரோம் நம்பரைத்தான் யூஸ் பண்றாங்க. சான் மரீனோ இத்தாலிக்கு நடுவுல இருக்கு, கோட் +378, ஒன்றியத்துல இல்ல, அங்க உங்க போன் எந்த நெட்வொர்க்ல நிக்குதுன்னு பேரைப் பாருங்க. மொனாக்கோ ரெண்டு சதுர கிலோமீட்டர்தான், ரெண்டு தெரு நடந்தா பிரான்ஸ், ஆனா மொனாக்கோ டெலிகாம் தனி நெட்வொர்க், கோட் +377, அதுவும் ஒன்றிய ரூலுக்குள்ள இல்ல. நீஸ்ல இருந்து ரயில்ல போறவங்க ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. 

திரும்பி ஸ்பெயினுக்கோ பிரான்ஸுக்கோ வந்ததும் உடனே ரோமிங்கை ஆன் பண்ணலாமா?

கொஞ்சம் பொறுங்க. செக்போஸ்ட் தாண்டினாலும் கொஞ்ச தூரத்துக்கு அண்டோரா சிக்னலையே போன் பிடிச்சுக்கிட்டு இருக்கும், கஸ்டம்ஸ் வரிசையில வண்டி நிக்கிற நேரத்துல எல்லாரும் ‘அப்பாடா’ன்னு ஆன் பண்றது அங்கதான். மேல இருக்கிற நெட்வொர்க் பேர் மாறினதைக் கண்ணால பாத்துட்டு ஆன் பண்ணுங்க. மாறலன்னா ஃப்ளைட் மோட் போட்டு எடுங்க, பிடிச்சுக்கும். முன்னாடி நெட்வொர்க்கைக் கையால செலக்ட் பண்ணி வச்சிருந்தீங்கன்னா அதை மறுபடி தானியங்கிக்கு மாத்திடுங்க, இல்லன்னா பார்சலோனா வந்தும் சிக்னல் இல்லையேன்னு போனைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க.